ஒரு பிடி அரிசியும் கடைசிப் பீரியடும்

சந்தனமாரிக்கு வெள்ளிக்கிழமை என்றால் கொள்ளை ஆசை. அதே வெள்ளிக்கிழமையைக் கண்டால் பயமும் உண்டு.

ஆசைக்குக் காரணம் கடைசிப் பீரியட். அன்றைக்கு மட்டும் அந்தப் பீரியடில் பாடம் கிடையாது. சாகித்ய சமாஜம்தான். பேர் பெரிதாக இருக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள். முதலில் ஒருவர் பேச வேண்டும். அதற்குப் பிறகு பாட்டு, விடுகதை, நாடகம் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்புத் தமிழ் டிவிஷன் பிள்ளைகள் வாரம் முழுக்க அதற்காகவே காத்துக்கிடப்பார்கள்.

பயத்துக்குக் காரணம் அந்த முதல் பேச்சு. நீலகண்டன் சார் யார் பேரைக் கூப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் வாயைத் திறக்கும்போது வகுப்பில் பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் எதையோ தொலைத்துவிட்டதுபோலக் குனிந்து தேடுவார்கள். மாரியும் தேடுவாள். வேறு யார் பேராவது வந்துவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

இது எழுபத்தெட்டாம் வருஷத்தில் நடந்தது. கேரளத்தில் மட்டாஞ்சேரி பஜாரை ஒட்டி இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. ஒரு பக்கம் சுக்குக் கிடங்கு, மறுபக்கம் மிளகாய்க் கிடங்கு. சுக்கு மூட்டை இறங்கினால் வகுப்பு மணக்கும். மிளகாய் மூட்டை இறங்கினால் வகுப்பே தும்மும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் நீலகண்டன் சாரும் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுத் தும்முவார்.

அந்த வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டவன் வீரபாண்டி. தலைப்பு 'நேரத்தின் அருமை'.

"பெருமதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய தலைவர் அவர்களே! எங்கள் அறிவுக்கண்ணைத் திறந்த ஆசிரியப் பெருந்தகை அவர்களே! இங்கே கூடியிருக்கும் சான்றோர்களே! என் இனிய மாணவச் செல்வங்களே!" என்று ஆரம்பித்தான்.

தலைவரும் ஆசிரியரும் நீலகண்டன் சார் ஒருவர்தான். சான்றோர் என்று சொல்லும்படி அங்கே யாரும் இல்லை. வாசலில் ஒரு ஆடு மட்டும் நின்று சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு தொடங்கும். அதுதான் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எல்லாருடைய பேச்சும் ஒரே கட்டுரைப் புத்தகத்திலிருந்துதான் வரும். பேச்சி என்ற பெண்ணின் அண்ணனுக்குச் சொந்தமான புத்தகம் அது. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய், வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் பேசுகிறவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்பது கேட்கிறவர்களுக்கு முன்னாடியே தெரியும்.

வீரபாண்டி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். மத்தியானச் சோறு தின்ற மயக்கம், சுக்கு வாசம், வெயில், வீரபாண்டியின் குரல் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. பின் பெஞ்சில் யாரோ மெல்லக் குறட்டை விட்டார்கள். நீலகண்டன் சார் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவர் கேட்டு ஆட்டவில்லை, தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஹெட்மிஸ்ட்ரஸ் சீதாலக்ஷ்மி டீச்சர் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை.

"நீலகண்டன் சார்" என்றார் டீச்சர்.

சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அதனால்தான் எல்லாருக்கும் அவரிடம் அவ்வளவு பயம். சார் துள்ளி எழுந்தார். வீரபாண்டி பாதி வாக்கியத்தில் நின்றுபோனான்.

"இது சமாஜமா, சத்திரமா?"

குறட்டை வந்த பின் பெஞ்சை டீச்சர் ஒரு பார்வை பார்த்தார்.

"கணக்கு மாஷ் இன்னொரு பீரியட் வேணும்னு கேட்டுண்டே இருக்கார். இதை அவருக்குக் குடுத்துடலாம். தூங்கறதுக்கு வீட்டில இடம் இருக்கு."

"ஒரு வாரம் மட்டும் குடுங்க டீச்சர். அடுத்த வெள்ளிக்கிழமை பாருங்க. பிள்ளைங்க நல்லாச் செய்வாங்க" என்று நீலகண்டன் சார் கெஞ்சினார்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "சரி. அடுத்த வெள்ளிக்கிழமை நான் வருவேன். ஒரே ஒரு குட்டி தூங்கினாலும் சமாஜம் அன்னியோட சரி. யாராக்கும் பேசப் போறது?"

வகுப்பில் பாதிப் பேர் குனிந்தார்கள். மாரி குனியக் கொஞ்சம் தாமதித்துவிட்டாள்.

"சந்தனமாரி" என்றார் சார்.

"நல்லது. தினமும் திங்கறதைப் பத்தியே பேசட்டும். அரிசி." டீச்சர் போய்விட்டார்.

மணி அடித்ததும் எல்லாரும் மாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். பேச்சிதான் முதலில் வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் ஒரு நாடகம் பழகிக்கொண்டிருந்தார்கள். அதில் பேச்சிதான் ராணி.

"மாரி, சமாஜம் போச்சுன்னா எங்க நாடகமும் போச்சு. மகுடம்கூட ஒட்டியாச்சுடி. ஜிகினா எல்லாம் வச்சு."

"நான் என்னடி செய்ய? என் பேச்சைக் கேட்டா யாரு முழிச்சிருப்பா?"

"நான் ஒரு வழி சொல்றேன்" என்றான் வீரபாண்டி. "மிளகாய்க் கிடங்கில சேட்டனுங்ககிட்டச் சொல்லி அன்னிக்கு அந்த நேரத்துக்கு லோடு எறக்கச் சொல்லுவோம். தும்முறவன் எப்படித் தூங்குவான்?"

"பேசுறவளும் தும்முவாளே!"

"அது நான் யோசிக்கல" என்று ஒப்புக்கொண்டான் வீரபாண்டி.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றும் உருப்படியாக இல்லை. கடைசியில் பேச்சி தன் பையிலிருந்து அந்தக் கட்டுரைப் புத்தகத்தை எடுத்து மாரி கையில் கொடுத்தாள். அரிசி பற்றி அதில் நான்கு பக்கம் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மாரி அந்த நான்கு பக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஒப்பித்துப் பார்த்தாள். வீடு என்பது ஒரே அறை. அதே அறையில் அம்மா ராக்கம்மாள் தம்பிப் பாப்பாவைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்குப் பல் முளைக்கிற சமயம். நாள் முழுக்க அழுகைதான்.

"அரிசியானது உலக மக்களுள் பெரும்பாலோரால் உண்ணப்படும் தானியமாகும். இது வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில் விளைவிக்கப்படுகிறது..."

தம்பியின் அழுகை குறைந்தது. இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. மாரி திரும்பிப் பார்த்தாள். பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஏய், நிறுத்தாதடி!" என்று அம்மா ரகசியக் குரலில் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு. சொல்லு, சொல்லு."

மாரி தொடர்ந்தாள். வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்திருந்த அப்பா பிச்சை, மூன்றாம் பக்கத்தில் குறட்டை விட ஆரம்பித்தார்.

"அம்மா, இப்படித் தூங்கக் கூடாதும்மா!" மாரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதுக்கு ஏன்டி அழுற? எத்தன நாளைக்கு அப்புறம் இந்தப் பய கண்ணசந்திருக்கான். நாளைக்கும் சொல்லு."

மாரி தாளை மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். பேச்சியின் ஜிகினா மகுடம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. அப்பாவுக்குத் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு மாரி பஜாருக்குப் போனாள். பிச்சை அரிசிக்கடைகளில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்குப் பரீதிக்காவின் கடையில் லாரி வந்திருந்தது. அண்ணனை அங்கே இக்கா என்பார்கள். லோடு இறக்கி முடிகிற வரைக்கும் மாரி கடை வாசலில் ஒரு காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்க் கடையில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நல்ல வாய் அவருக்கு. பள்ளுருத்தியிலிருந்து ஓர் ஓட்டல்காரர் அரிசி வாங்க வந்தார். வந்தவரை அவர் விடவே இல்லை.

"சாரே, வாங்க, உட்காருங்க. இந்த அரிசி இருக்கே, இது சாதாரண அரிசி இல்ல. இது எங்கேருந்து வருதுன்னா, அந்த ஊரில் தண்ணி எப்படின்னா, அந்த மில் இருக்கே அந்த மில்லு..."

ஓட்டல்காரர் முதலில் தலையாட்டினார். பிறகு தெருவில் போகிற ஆட்டைப் பார்த்தார். பிறகு ஒரு கொட்டாவி விட்டார். "ஒரு சாயா குடிச்சிட்டு வந்துடறேன்" என்று நழுவி, நேரே பரீதிக்காவின் கடைக்கு வந்துவிட்டார்.

பரீதிக்கா ஒன்றுமே பேசவில்லை. நீளமான இரும்புக் குத்தூசியை எடுத்து ஒரு மூட்டையில் குத்தி இழுத்தார். அதன் குழாயில் அரிசி வந்தது. அதை அப்படியே ஓட்டல்காரரின் உள்ளங்கையில் கொட்டினார்.

அவ்வளவுதான். ஓட்டல்காரருக்குத் தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. அரிசியை விரலால் கிளறினார். ஊதினார். மோந்து பார்த்தார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார்.

"இது பழையதா, புதுசா இக்கா?"

"பழையது."

"சோறு உதிரியா வருமா?"

"வரும்."

"எந்த ஊரு?"

கேள்விக்கு மேல் கேள்வி. கேட்டதற்கு மட்டும் பரீதிக்கா பதில் சொன்னார். பார்த்து முடித்ததும் ஓட்டல்காரர் கையில் இருந்த அரிசியைப் பக்கத்தில் இருந்த கூடையில் போட்டார். கை பட்ட அரிசி மூட்டைக்குள் திரும்பப் போகாது. அது அந்தப் பஜாரின் வழக்கம். கடை அடைக்கிற நேரத்தில், கடை கூட்டுகிற பெண்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் புறாக்களுக்கு.

அடுத்த ஆள் வந்தார். அவர் கையிலும் ஒரு பிடி அரிசி. அவரும் கிளறினார், மோந்தார், கேட்டார்.

மாரி இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. எதிர்க் கடைக்காரர் அவள் வகுப்பு மாதிரியே பேசுகிறார், எல்லாரும் தூங்குகிறார்கள். பரீதிக்கா முதலில் கையில் கொடுக்கிறார். பேச்சு அதற்கு அப்புறம் தானாக வருகிறது!

"அப்பா, கஞ்சி இங்க இருக்கு!" என்று சொல்லிவிட்டு மாரி வீட்டுக்கு ஓடினாள். பிச்சைக்கு ஒன்றும் புரியவில்லை.

திட்டம் சுலபமானது. வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி மட்டை அரிசி கொடுக்க வேண்டும். கேரளத்துச் சிவப்பு அரிசி, பார்க்கவே அழகாக இருக்கும். அது ஏன் சிவப்பாக இருக்கிறது, எப்படிப் புழுக்குகிறார்கள், எவ்வளவு நேரம் வேகும் என்று சின்னச் சின்னதாகச் சொல்ல வேண்டும். அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்டு எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டாள். இருந்தாலும் அந்த நான்கு பக்கத் தாளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு துணிப்பையோடு பரீதிக்காவிடம் போய் நின்றாள். கடை அடைக்கிற அவசரத்தில் இருந்தார் அவர்.

"இக்கா, ஸ்கூலுக்குக் கொஞ்சம் மட்டை அரிசி வேணும்."

"அந்தக் கூடையில நோக்கு மோளே. உள்ளத எடுத்தோ" என்று சொல்லிவிட்டு அவர் பலகைகளை மாட்டப் போனார்.

மாரி எட்டிப் பார்த்தாள். கூடை நிறையச் சிவப்பு அரிசி. கடைசியாக வந்தவர் மட்டை அரிசி பார்த்திருப்பார் போலிருக்கிறது. கடைக்குள் இருட்டிவிட்டிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பையை நிரப்பிக்கொண்டாள்.

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, காலையிலிருந்து அந்தக் கூடையில் யார் யார் கை அரிசியெல்லாம் விழுந்திருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மாரிக்குத் தெரியவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசிப் பீரியட் மணியும் அடித்தது.

நீலகண்டன் சார் அன்றைக்கு முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே பயம்.

மாரி பையோடு எழுந்து போனாள். யாரையும் பெருமதிப்பிற்குரியவர்களே என்று கூப்பிடவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய், "கைய நீட்டு" என்று சொல்லி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி அரிசி வைத்தாள்.

"என்னடி இது, கோயில் பிரசாதமா?" என்று பேச்சி கேட்டாள்.

"பேசாம வாங்கு."

எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு மாரி முன்னால் வந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உங்க கையில இருக்கிறது மட்டை அரிசி. செக்கச்செவேல்னு இருக்கு, பாத்தீங்களா?"

"என் கையில வெள்ளையா இருக்கே" என்றான் வீரபாண்டி.

"எனக்குச் செவப்பும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. நொய்யும் கெடக்கு" என்றாள் பேச்சி.

வகுப்பு சிரித்தது. மாரி பையைக் கவிழ்த்து மிச்சத்தை மேஜையில் கொட்டினாள். சிவப்பு, வெள்ளை, பழுப்பு, குண்டு, ஒல்லி, நீளம், குட்டை. ஊரில் உள்ள அரிசியெல்லாம் அதில் இருந்தது!

மாரி அதை விரலால் பரப்பிப் பார்த்தாள். மனசில் வைத்திருந்தது முழுக்க மட்டை அரிசி பற்றித்தான். இப்போது எதைச் சொல்வது? ஹெட்மிஸ்ட்ரஸ் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். வேறு வழி தெரியாமல் இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள்.

தாளைப் பார்த்ததுமே வீரபாண்டி ஒரு கொட்டாவி விட்டான். அவனைப் பார்த்துப் பக்கத்துப் பையன் விட்டான். கொட்டாவி அப்படியே பெஞ்சு தாண்டிப் போனது.

மாரி தாளை மடித்துத் திரும்பவும் இடுப்பில் செருகினாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். கடைசி பெஞ்சில் மாயம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளங்கை அரிசியை ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாயம்மாள் வகுப்பில் வாயே திறக்காத பெண். அவள் பக்கத்தில் இருந்தவளும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. சிவப்பு அரிசி மட்டும் இருந்திருந்தால் அவர்கள் பொறுக்கிப் பார்க்க என்ன இருந்திருக்கும்?

மாரிக்கு மூச்சு வந்தது.

"சரி, எல்லாரும் கேளுங்க. உங்க வீட்டுல பொங்குற அரிசி இதுல இருக்கா? தேடுங்க பாப்போம்!"

எல்லாத் தலையும் குனிந்திருந்தது. பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள்!

"இந்தா, எங்க வீட்டு அரிசி! செவப்பு! ஊர்லேருந்து எங்க மாமா வந்தா மூஞ்சியச் சுளிப்பாரு, வெள்ளச் சோறு இல்லையாடான்னு."

"எங்க வீட்டுல இதுதான். குண்டு குண்டா இருக்கும். கஞ்சிக்கு நல்லாருக்கும்."

"இது ரேஷன் அரிசி. சத்தியமா!"

"எப்படிடா கண்டுபுடிச்சே?"

"கூடவே கல்லு இருக்கே!"

நீலகண்டன் சார் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு மேஜையில் பரப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாயம்மாள் மெல்லக் கையைத் தூக்கினாள். மாரி அவள் பக்கத்தில் போய் நின்றாள். "எல்லாரும் சும்மா இருங்க. மாயம்மா ஏதோ சொல்லப் போறா" என்றாள்.

மாயம்மாளின் விரல் நுனியில் பொடிசாக நாலைந்து மணிகள் இருந்தன. "இது நெய்ச்சோத்து அரிசி" என்றாள். "எங்கம்மா கல்யாண வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போகும். நெய்ச்சோறு வேகுறப்போ தெரு முழுக்க மணக்குமாம். வேகாமலே மணக்கும். வேணும்னா மோந்து பாருங்க."

எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். மாயம்மாள் ஒவ்வொரு மூக்குக்கு அடியிலும் விரலைக் காட்டினாள். அன்றைக்கு அவள் பேசியதுபோல் அந்த வருஷம் முழுக்கப் பேசியதில்லை.

"டேய், இங்க பாரு, உமியோட ஒண்ணு!" என்று வீரபாண்டி கத்தினான். "நெல்லு! இதை நட்டா முளைக்கும்."

"நெல்லு முளைக்கும். அரிசி முளைக்காது" என்றாள் பேச்சி.

"ஏன் முளைக்காது? நெல்லுக்குள்ள இருக்கிறதுதானே அரிசி? சட்டையக் கழட்டிட்டா ஆளு வேறயா ஆயிருவானா?"

"முளைக்காதுன்னா முளைக்காது!"

"முளைக்கும்!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பையன்கள் பெஞ்சு மேல் ஏறாத குறை. மிளகாய்க் கிடங்கு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாக்கும் இது?"

இறங்கின குரல். வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஒரு நொடியில் எல்லாம் அடங்கியது. கையில் அரிசியோடு அப்படி அப்படியே நின்றார்கள். நீலகண்டன் சார் மேஜையிலிருந்து நிமிர்ந்தார். அவர் மூக்கில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

மாரி ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு டீச்சரிடம் போனாள்.

"கைய நீட்டுங்க டீச்சர்."

டீச்சர் நீட்டிவிட்டார். அது அவரே எதிர்பார்க்காதது போலிருந்தது.

"இதுல உங்க வீட்டு அரிசி இருக்கா, தேடிப் பாருங்க டீச்சர்."

டீச்சர் மாரியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். விரலால் கிளறினார்.

"திருப்பூணித்துறையில எங்காத்துல பச்சரிசிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இது இல்லை... இது புழுங்கல்... ஆ, இதோ!" ஒரு வெள்ளை மணியை உயர்த்திக் காட்டினார். குரல் மேலே ஏறியிருந்தது. அப்படியென்றால் கோபம் இல்லை.

"அது சரி, எதுக்குச் சண்டை?"

"அரிசியை நட்டா முளைக்குமான்னு, டீச்சர்" என்றான் வீரபாண்டி.

"முளைக்குமா?" டீச்சர் மாரியைத்தான் கேட்டார். "நீயாக்கும் இன்னிக்குப் பேசறவள். நீ சொல்லு."

இடுப்பில் இருந்த நான்கு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. வகுப்பே மாரியைப் பார்த்தது. எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் வீரபாண்டியும் பேச்சியும் இவ்வளவு நேரம் தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தப்பான பதிலைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"எனக்குத் தெரியாது டீச்சர்."

பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். மகுடம் போயே போய்விட்டது என்று நினைத்தாள்.

"ஆனா நட்டுப் பாக்கலாம். எல்லா வகையிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, தேங்காய்ச் செரட்டையில மண்ணு போட்டு நட்டு வச்சாத் தெரிஞ்சிடும்."

"எப்பத் தெரியும்?"

"முளைக்க ஒரு வாரமாவது ஆகும். அப்படின்னா... அடுத்த வெள்ளிக்கிழமை, டீச்சர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மாரிக்கு விளங்கியது. அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. பேச்சி கண்ணைத் திறந்தாள். நீலகண்டன் சார் அவசரமாக மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பெஞ்சிலும் சாய்ந்த தலை இல்லை. பிறகு தன் கையில் இருந்த பச்சரிசியைப் பார்த்தார்.

"மத்தது எப்படியோ, பச்சரிசி முளைக்கும்" என்றார்.

"முளைக்காது டீச்சர்!" என்று பேச்சி தன்னை மறந்து கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாக்கலாமே!" டீச்சர் எழுந்து, அந்தப் பச்சரிசி மணிகளைப் பத்திரமாக மாரியின் உள்ளங்கையில் வைத்தார். "இதைத் தனிச் செரட்டையில நடு. என் பேரு எழுதி வை." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "நீலகண்டன் சார், கணக்கு மாஷை வேற பீரியட் பாத்துக்கச் சொல்லிடுங்கோ. அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வருவேன்."

அவர் படியிறங்குகிற வரைக்கும் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார்கள். அப்புறம் போட்டார்கள் ஒரு கூச்சல். சுக்குக் கிடங்கின் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் படபடவென்று கிளம்பிப் போயின. பேச்சி ஓடிவந்து மாரியைக் கட்டிக்கொண்டாள். வீரபாண்டி பெஞ்சைத் தாண்டிக் குதித்துச் சிரட்டை பொறுக்க ஓடினான்.

மாரி தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

அன்று சாயங்காலமே சிரட்டைகள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக ஏறின. ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்கிற வேலையை வீரபாண்டி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். தண்ணீர் ஊற்றும் வேலை மாயம்மாளுக்கு.

திங்கட்கிழமை காலையில் மாரி வகுப்புக்குள் நுழைந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஹெட்மிஸ்ட்ரஸ் நின்றிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் பேர் எழுதிய சிரட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுத்தையும் காணோமே, சந்தனமாரி?"

"அவசரப்படாதீங்க டீச்சர்" என்றாள் மாரி நிம்மதியாக. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் கெடக்கு."